உறவுநிலைத் தரவுத்தளத்தில் அமைவிடத் தரவுகளைத் திருத்துதல்: கல்வெட்டாய்வை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்வெட்டுகள், தொல்லியல் களங்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றின் அமைவிடங்களைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் கணினி வரைபட மென்பொருள்களைப் பயன்படுத்தி வருகின்றனர். திரையில் ஒரு புள்ளியை நகர்த்துவது எளிய செயலாகத் தோன்றினும், அது தரவுத்தளத்தில் உள்ள ஒரு சான்றை மாற்றி எழுதும் செயலாகும். உறவுநிலைத் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்ட அமைவிடத் தரவுகளைக் கியூஜிஐஎஸ் என்னும் மேசைக்கணினி மென்பொருளின்வழித் திருத்தும்போது நிகழ்வனவற்றையும், தமிழ் எழுத்துத் தரவுகளுக்கே உரிய இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. தரவின் நம்பகத்தன்மையைக் காக்கும் விதிகள் வரைபட மென்பொருளில் அன்றி அட்டவணையிலேயே அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: உறவுநிலைத் தரவுத்தளம், அமைவிடத் தரவு, கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ், ஒருங்குறி, கல்வெட்டு அமைவிடம்.

1. முன்னுரை

தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் முதல் மடலம் 1890ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று தொட்டு இன்றுவரை அச்சேறியுள்ள கல்வெட்டுப் பதிப்புகள் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஊர், வட்டம், மாவட்டம் என்னும் முறையிலேயே இடத்தைச் சுட்டுகின்றன. இக்குறிப்புகளை நிலப்படத்தில் ஏற்றினால், ஒரு மன்னனின் ஆட்சிப்பரப்பு, வணிகக் குழுக்களின் வழித்தடம், நாடு, கூற்றம் ஆகியவற்றின் எல்லை போன்ற வினாக்களுக்குப் புதிய விடைகள் கிடைக்கக்கூடும். ஆயினும் அவ்விடைகளின் வலிமை, நிலப்படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து வந்தது, யாரால் எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சொல்ல முடிவதைப் பொறுத்தது.

தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகச் சேமிக்கும் உறவுநிலைக் கோட்பாட்டை எட்கர் காட் 1970ஆம் ஆண்டு முன்வைத்தார். அத்தகைய தரவுத்தளங்களுள் ஒன்றான போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்பதற்குப் புள்ளி, கோடு, பலகோணம் ஆகிய வடிவங்களைக் கையாளும் திறனை அளிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் இணைப்பு 2001ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு கேரி ஷெர்மன் உருவாக்கத் தொடங்கிய கியூஜிஐஎஸ் மென்பொருளின் தொடக்க நோக்கமே போஸ்ட்ஜிஐஎஸ் அட்டவணைகளைத் திரையில் காண்பதுதான். இவ்விரண்டும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள் என்பதால், பல்கலைக்கழகத் துறைகளும் தனி ஆய்வாளர்களும் இவற்றை எளிதில் பயன்படுத்த இயலும். இனிவரும் விளக்கங்கள் இவ்விணையையே அடிப்படையாகக் கொள்கின்றன. இக்கட்டுரையில் அட்டவணையின் கிடைவரிசை ‘நிரை’ எனவும், மேலிருந்து கீழாக அமையும் வரிசை ‘நிரல்’ எனவும் குறிக்கப்படும்.

2. ஷேப்ஃபைல் கோப்பும் தமிழ் எழுத்தும்

நிலப்படப் பணியில் ஈடுபடுவோர் பலரும் முதலில் கையாள்வது ஷேப்ஃபைல் எனப்படும் கோப்பு வடிவமாகும். இதில் வடிவம் ஒரு கோப்பிலும், அதனைப் பற்றிய செய்திகள் டிபிஎஃப் என்னும் மற்றொரு கோப்பிலும் இருக்கும். டிபிஎஃப் கோப்பில் நிரலின் பெயருக்கு 10 பைட் இடமே உண்டு. எழுத்துத் தரவுக்கு உரிய உச்ச அளவு 254 பைட் ஆகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் இவ்வரையறை பெரும் தடையாக இராது. தமிழின் நிலை வேறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் ஒருங்குறிக் குறியெண்ணும் 3 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியெண்கள் ஆதலால், ஒரு மெய்யெழுத்துக்கு 6 பைட் தேவைப்படும்.

எடுத்துக்காட்டாக, ‘கல்வெட்டு’ என்னும் சொல் 9 குறியெண்களால், அதாவது 27 பைட்டுகளால் ஆனது. இதனை நிரலின் பெயராக இட்டால், 10 பைட் எல்லைக்குள் முழுமையாக அடங்குவது ‘கல்’ என்பது மட்டுமே. ‘கங்கைகொண்டசோழபுரம்’ என்னும் ஊர்ப்பெயருக்கு மட்டும் 54 பைட் தேவை. கல்வெட்டு இருக்கும் சுவர், திருச்சுற்று, அதன் சிதைவுநிலை ஆகியவற்றை ஒரே நிரலில் விரித்து எழுதினால், பெரும்பாலும் பத்துச் சொற்களுக்குள் 254 பைட் தீர்ந்துவிடும். எஞ்சிய பகுதி வெட்டப்படும். இவ்வாறு வெட்டுண்ட குறிப்பைப் பின்னர் மீட்க இயலாது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நிரலின் பெயருக்கு 63 பைட் வரை இடமுண்டு. இது 21 தமிழ்க் குறியெண்களுக்குச் சமம். எழுத்துத் தரவுக்கோ நடைமுறையில் எல்லை இல்லை என்றே கூறலாம். தனிக்கோப்பாகவே தரவை வைத்துக்கொள்ள விரும்புவோர், எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் மேல் அமைந்த ஜியோபேக்கேஜ் வடிவத்தைப் பயன்படுத்தலாம். அதுவும் ஓர் உறவுநிலைத் தரவுத்தளமே.

எல்லை நீங்கினாலும் எழுத்துச் சிக்கல் முற்றும் தீர்வதில்லை. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக்கொம்பு, கால் ஆகிய இரண்டையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் தரவுத்தளம் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்ளும். ‘கொற்கை’ என்று தேடினால் பாதிப் பதிவுகள் மட்டுமே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13ஆம் பதிப்பிலிருந்து எழுத்துவடிவத்தை ஒருமுகப்படுத்தும் செயற்கூறு உள்ளது. ஒருமுகப்படாத பெயரை ஏற்காதே என்னும் கட்டுப்பாட்டை நிரலிலேயே இட்டுவிடலாம். ‘ஔ’ என்னும் எழுத்துக்கு மாறாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவது, காலுக்கு மாறாக ரகரத்தை இடுவது போன்ற பிழைகளை இச்செயற்கூறு கண்டறியாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள் என்பதே காரணம். அவற்றை மனிதக் கண்தான் திருத்த வேண்டும்.

3. அட்டவணையின் அமைப்பு

ஓர் ஊரில், ஏன் ஒரே கோயிலில், பல கல்வெட்டுகள் இருப்பது இயல்பு. ஒவ்வொரு கல்வெட்டின் நிரையிலும் ஆயத்தொலைவுகளை மீண்டும் மீண்டும் எழுதினால், ஒரே கோயில் பல இடங்களில் இருப்பதாகக் காட்டும் முரண் விரைவில் தோன்றிவிடும். எனவே ‘அமைவிடம்’ என்றோர் அட்டவணையும் ‘கல்வெட்டு’ என்றோர் அட்டவணையும் தனித்தனியே இருத்தல் வேண்டும். அமைவிடத்தின் எண்ணை மட்டும் கல்வெட்டு அட்டவணை சுட்டும். கோயிலின் புள்ளியை ஒருமுறை திருத்தினால் அதனைச் சார்ந்த எல்லாக் கல்வெட்டுகளும் சரியான இடத்தைப் பெறும்.

அமைவிட அட்டவணையில் நான்கு கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைத் திறவுகோல். திரையில் தெரியும் புள்ளிக்கு அட்டவணையில் எந்த நிரை உரியது என்பதைக் கியூஜிஐஎஸ் இத்திறவுகோலைக் கொண்டே அறிகிறது. ஊர்ப்பெயரைத் திறவுகோலாகக் கொள்ளலாகாது. ஒரே பெயரில் பல ஊர்கள் உள்ளன. பெயரின் எழுத்துவடிவமும் திருத்தத்திற்கு உட்பட்டதே. பொருளற்ற ஓர் எண்ணே திறவுகோலாவதற்குத் தக்கது.

இரண்டாவது, வடிவ வகையும் ஆயத்தொலைவு முறையும் வரையறுக்கப்பட்ட வடிவ நிரல். மூன்றாவது, ‘இட உறுதி’ என்னும் நிரல். நேரில் அளந்த புள்ளியும், ஊரின் நடுவில் தோராயமாக இட்ட புள்ளியும், பெயர் ஒப்புமையால் ஊகித்த புள்ளியும் திரையில் ஒரே அளவினவாகவே தோன்றும். அவற்றின் வேறுபாடு இந்நிரலில் பதிவாகாவிட்டால் ஊகம் நாளடைவில் உண்மையாகிவிடும். நான்காவது, அப்புள்ளிக்குச் சான்றான பதிப்பு அல்லது களப்பணிக் குறிப்பு. இந்நிரலை வெறுமையாக விட இடந்தராத கட்டுப்பாடு அட்டவணையிலேயே இருத்தல் நலம்.

4. திருத்தும்போது நிகழ்வது

கியூஜிஐஎஸ் மென்பொருளில் ஓர் அடுக்கைத் திருத்தத் தொடங்கியதும், செய்யப்படும் மாற்றங்கள் உடனே தரவுத்தளத்தைச் சென்றடைவதில்லை. அவை கணினியின் நினைவகத்தில் ஓர் இடைநிலைத் தொகுப்பாக இருக்கும். சேமிக்கும் கட்டளை தரப்படும்போதுதான் தரவுத்தளத்திற்கு அனுப்பப்படும். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. சேமிக்குமுன் மென்பொருள் இடையில் நின்றுபோனால் உழைப்பு வீணாகும். அட்டவணையின் கட்டுப்பாட்டை மீறிய மாற்றம் எதுவாயினும், அது நிகழ்ந்த நேரத்தில் அன்றிச் சேமிக்கும் நேரத்திலேயே மறுக்கப்படும். நூறு புள்ளிகளைத் திருத்திவிட்டு ஒருமுறை சேமிப்பதைவிட, ஓர் ஊரை முடித்ததும் சேமிப்பது சிறந்த பழக்கமாகும்.

மறுப்புச் செய்தி தோன்றியவுடன், தடையாகத் தோன்றும் கட்டுப்பாட்டை நீக்கிவிட முற்படுவோர் உண்டு. அது தவறான வழியாகும். மறுக்கப்பட்ட மாற்றங்கள் இன்னும் நினைவகத்தில் இருக்கும். செய்தியைப் படித்து, பிழையுள்ள நிரையைத் திருத்தி மீண்டும் சேமிக்கலாம்.

விரிதாளிலிருந்து பெற்ற சிஎஸ்வி கோப்பை நேரடியாக அடுக்காக ஏற்றுவோர், புள்ளிகள் திரையில் தெரிந்தும் திருத்தும் வசதி இல்லாமை கண்டு திகைப்பதுண்டு. அவ்வகை அடுக்குகளைக் கியூஜிஐஎஸ் படிக்க மட்டுமே செய்யும். அவற்றைத் தரவுத்தள அட்டவணையாக மாற்றிய பின்னரே திருத்த இயலும்.

5. புள்ளி இடம் மாறும் வழிகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் அமைவிடம் ஏறத்தாழ அட்சரேகை 10.78 வடக்கு, தீர்க்கரேகை 79.13 கிழக்கு ஆகும். பேச்சிலும் எழுத்திலும் அட்சரேகையை முதலில் சொல்வது நம் வழக்கம். போஸ்ட்ஜிஐஎஸ் எதிர்பார்ப்பதோ தீர்க்கரேகையை முதலில். வரிசையை மாற்றி இட்டால் பெரிய கோயில், ஆர்க்டிக் பெருங்கடலில் நார்வே நாட்டுக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் பகுதிக்குச் சென்றுவிடும். தரவுத்தளம் இதனை மறுக்காது. அதன் நோக்கில் அதுவும் உலகில் உள்ள ஓர் இடமே.

ஆய்வுப் பரப்பின் எல்லையைக் கட்டுப்பாடாக எழுதிவிட்டால் இப்பிழை அட்டவணைக்குள் நுழையாது. இன்றைய தமிழகம் மட்டுமே ஆய்வுப் பரப்பு எனில், தீர்க்கரேகை 76 முதல் 81 வரையும் அட்சரேகை 8 முதல் 14 வரையும் உள்ள புள்ளிகளையே ஏற்குமாறு செய்யலாம். தமிழ்க் கல்வெட்டுகள் கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் இலங்கையிலும் கிடைத்துள்ளமையால், ஆய்வு அங்கும் விரியுமாயின் எல்லையையும் விரிக்க வேண்டும். எல்லையை வகுப்பது ஆய்வாளர் தம் ஆய்வுப் பரப்பைத் தெளிவாக அறிவிப்பதற்கும் ஒரு வாய்ப்பாகிறது.

இரண்டாவது வழி நுட்பமானது. ஒவ்வொரு வடிவத்துடனும் அதன் ஆயத்தொலைவு முறையைக் குறிக்கும் எண் ஒன்று சேமிக்கப்படுகிறது. உலகளாவிய புவிநிலை காண் கருவிகள் தரும் அட்சரேகை, தீர்க்கரேகைகளுக்கு உரிய எண் 4326. மீட்டர் அளவில் அமைந்த யூடிஎம் முறையில் தமிழகம் இரு மண்டலங்களில் விழுகிறது. 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே உள்ள கொடுமணலும் ஆதிச்சநல்லூரும் 43ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. அதற்குக் கிழக்கே உள்ள கீழடியும் தஞ்சையும் 44ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. எண்ணை மாற்றி எழுதுவது வேறு, ஆயத்தொலைவுகளை ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு உருமாற்றுவது வேறு. முன்னது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுகிறது. பின்னதே கணக்கிட்டு மாற்றுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது தொடக்கநிலைப் பயனர்களிடையே காணப்படும் பிழையாகும்.

தமிழகம் முழுமைக்குமான தொகுப்பை 4326 முறையிலேயே சேமித்து, தொலைவு கணக்கிடும்போது மட்டும் புவிக்கோள வகைக்கு மாற்றிக்கொள்வது எளிய வழி. அவ்வாறு மாற்றாமல் தொலைவு கேட்டால் விடை பாகையில் வருமேயன்றி மீட்டரில் வராது.

பழைய நில அளவைத் தாள்களிலிருந்து புள்ளிகளை எடுப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். அவை எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. அத்தாளில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகைகளை உருமாற்றாமல் 4326 என்று பதிந்தால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகிவிடும். ஊர் அளவிலான ஆய்வுக்கு இது பொருட்டன்று. எந்தக் கோயில், எந்தக் குளக்கரை என்று பேசும் ஆய்வுக்கு இது முடிவையே மாற்றக்கூடியது.

6. ஓர் உண்மைக்கு ஈரிடம்

விரிதாளிலிருந்து வந்த அட்டவணைகளில் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியன எண் நிரல்களாக இருக்கும். அவற்றிலிருந்து வடிவ நிரல் ஒன்றை உருவாக்கிய பின்னும் பழைய எண் நிரல்கள் அப்படியே விடப்படுவதுண்டு. தொடக்கத்தில் இரண்டும் ஒத்திருக்கும். ஒருவர் வரைபடத்தில் புள்ளியை நகர்த்தியதும் வடிவ நிரல் மட்டும் மாறும். எண் நிரல்கள் பழைய இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். பின்னர் ஒருவர் கட்டுரைக்கான நிலப்படத்தை வடிவ நிரலிலிருந்தும், பின்னிணைப்பு அட்டவணையை எண் நிரல்களிலிருந்தும் ஆக்கினால், ஒரே கட்டுரையில் இரு வேறு அமைவிடங்கள் வெளியாகும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதன் அபாயம்.

ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்பது உறவுநிலைக் கோட்பாட்டின் அடிப்படை. வடிவ நிரலை மூலமாகக் கொண்டு, எண் நிரல்களை அதிலிருந்து தரவுத்தளமே கணக்கிட்டு நிரப்புமாறு அமைக்கலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12ஆம் பதிப்பு முதல் இத்தகைய கணித்த நிரல்களை அமைக்கும் வசதி உண்டு. அதன்பின் அவ்வெண்களை யாரும் கையால் மாற்ற இயலாது.

மாவட்டப் பெயருக்கும் இது பொருந்தும். கங்கைகொண்டசோழபுரம் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டத்திலும், 2001இல் அரியலூர் மாவட்டத்திலும், 2002இல் மீண்டும் பெரம்பலூர் மாவட்டத்திலும், 2007 முதல் மீண்டும் அரியலூர் மாவட்டத்திலும் அமைந்தது. கோயில் நகரவில்லை. அதன் புள்ளியும் மாறவில்லை. மாவட்டப் பெயரை அமைவிட அட்டவணையில் தட்டச்சு செய்திருந்தால், ஒவ்வொரு முறையும் அதனைத் திருத்த வேண்டியிருக்கும். திருத்திய பின், 1960களின் பதிப்பொன்று சுட்டும் இடத்தோடு அது ஒவ்வாது போகும். மாவட்ட எல்லைகளைக் காலக்குறிப்புடன் தனி அட்டவணையாக வைத்து, ஒரு புள்ளி குறிப்பிட்ட ஆண்டில் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று தரவுத்தளத்தைக் கேட்பதே முறை. பழம்பதிப்பு தரும் மாவட்டப் பெயரைச் சான்றின் பகுதியாக, பதிப்பில் உள்ளவாறே தனி நிரலில் காப்பாற்ற வேண்டும். முன்னது கணிப்பு, பின்னது மேற்கோள். இரண்டையும் ஒரே நிரலில் கலத்தல் கூடாது.

7. பலர் திருத்தும் தரவு

தரவுத்தளத்தின் பயன் பலர் ஒரே நேரத்தில் பணியாற்ற இயல்வதாகும். ஆனால் மேற்சொன்ன இடைநிலைத் தொகுப்பு முறையில், இருவர் ஒரே புள்ளியை வெவ்வேறு இடங்களுக்கு நகர்த்திச் சேமித்தால், இறுதியாகச் சேமித்தவரின் மாற்றமே நிலைக்கும். முன்னவருக்கு எச்சரிக்கை வராது.

இதற்குக் கியூஜிஐஎஸ் பரிவர்த்தனைக் குழு என்னும் வசதியைத் தருகிறது. அதனைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு மாற்றமும் உடனே தரவுத்தளத்திற்குச் சென்று, சேமிக்கும் வரை முடிவுறாத பரிவர்த்தனையாக இருக்கும். மாற்றப்பட்ட நிரை அதுவரை பூட்டப்படும். அதே நிரையை மாற்ற முயலும் மற்றவர் காத்திருக்க நேரும். கட்டுப்பாட்டு மீறலும் அவ்விடத்திலேயே தெரியவரும். திருத்தத்தைத் தொடங்கிவிட்டுச் சேமிக்காமல் எழுந்து சென்றால் பிறர் பணி தடைப்படும் என்பதால், இம்முறைக்கு ஒழுங்கு தேவை. வட்டம்தோறும் ஒருவர் எனப் பணியைப் பகிர்ந்துகொள்வது தொழில்நுட்பத்தின் துணையின்றியே இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கும்.

எம்முறையைக் கையாளினும் மாற்ற வரலாறு ஒன்று தேவை. ஒரு நிரை மாற்றப்படும்போதோ நீக்கப்படும்போதோ, அதன் முந்தைய நிலையை நாள், நேரம், மாற்றியவர் பெயர் ஆகியவற்றுடன் வரலாற்று அட்டவணைக்குப் படியெடுக்கும் தூண்டி ஒன்றைத் தரவுத்தளத்தில் எழுதிவிடலாம். திருத்துபவர் இதற்கென எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காப்பது போன்றது இது. ஒரு புள்ளி ஏன் இங்கிருந்து அங்கு சென்றது என்ற வினா எழும்போது விடை சொல்ல இதுவே துணை. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் இருந்தால்தான் இவ்வரலாறு பொருள் தரும். துறை முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால், எல்லா மாற்றமும் ஒருவர் பெயரிலேயே பதிவாகும்.

8. வெளியிடும்போது

அகழாய்வு செய்யப்படாத களங்கள், காவலற்ற சிற்பங்கள், நடுகற்கள் ஆகியவற்றின் துல்லியமான அமைவிடத்தை வெளியிடுவது திருட்டுக்கு வழிகாட்டுவதாகிவிடக்கூடும். பாகையின் ஐந்து தசம இடங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம் தருவன. இரண்டு தசம இடங்கள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அளவில் நிற்கும். மூல அட்டவணையைத் திருத்துவோருக்கு மட்டும் திறந்து, இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிய புள்ளிகளைக் கொண்ட ஒரு பார்வை அட்டவணையைப் பிறருக்கு அளிக்கலாம். யார் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என்பதை உரிமை வழங்கும் கட்டளைகளால் தரவுத்தளமே காக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வரைபட மென்பொருள் காட்சிக்கும் கைப்பணிக்கும் உரிய கருவி என்பதும், அட்டவணையே ஆவணம் என்பதும் புலனாகும். ஒருமுகப்பட்ட எழுத்து, பொருளற்ற திறவுகோல், எல்லைக் கட்டுப்பாடு, சான்று நிரல், கணித்த நிரல், மாற்ற வரலாறு ஆகிய ஆறும் அட்டவணையில் அமைந்துவிட்டால், கியூஜிஐஎஸ் வழியாக ஒருவர் திருத்தினாலும் வேறு மென்பொருள் வழியாக மற்றொருவர் திருத்தினாலும் விதி ஒன்றாகவே இருக்கும். மென்பொருள்கள் மாறும். மாணவர்கள் பட்டம் பெற்றுச் செல்வர். ஆய்வுத் திட்டங்கள் முடிவுறும். அதன்பின்னும் அத்தொகுப்பை எடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வாளருக்கு ஒவ்வொரு புள்ளியும் தன் சான்றைத் தானே சொல்ல வேண்டும். கல்வெட்டுப் பதிப்பில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கு நாம் காட்டும் தயக்கமும் பொறுப்பும், நிலப்படத்தில் ஒரு புள்ளியை நகர்த்துவதற்கும் உரியனவாகும்.